என் தம்பி பச்சை போட்ட அட்டை

என் தம்பி டெனிஸ், சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுக்காதவன் என்று அவன் கம்பெனியில் ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேர் அவனுக்கு எப்படி வந்தது என்பதை ஒழுங்காக எழுதி வைக்கப் போகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். பீடோங்கில் ஒரு தோபிக் கடையில் துணி தேய்த்து மடிக்கிறேன். கணினி எனக்குத் தெரியாது. ஆனால் டெனிஸ் என் வீட்டில்தான் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் என் முன்கூடத்து மேசையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறான். காதில் மாட்டுகிற கருவி வலிக்கிறது என்று அதைக் கழற்றி வைத்துவிடுவான். அதனால் அவன் கூட்டங்களில் பேசியது எல்லாம் என் காதிலும் விழுந்தது. விழாததை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா பால் மரம் சீவினார். பிறகு அதே தோட்டத்தில் லோரி ஓட்டினார். எனக்கும் டெனிஸுக்கும் நடுவில் பத்து வயது. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கூடச் சட்டைக்குக் கஞ்சி போட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தலை வாரிவிட்டது எல்லாம் நான். அவன் பாலிடெக்னிக் முடித்தான். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே கணினி வேலையும் கற்றுக்கொண்டு, சுங்கை பட்டாணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தான். எங்கள் வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன். இப்போது அங்கே ஒரு சிறிய குழுவுக்குத் தலைவன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவனுக்கு வந்த வினையின் வேர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் ஜனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ திருமுழுக்கோ சாவோ, சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் சட்டி பானை, ஒருவர் வாழையிலை, ஒருவர் நாற்காலி. ஏற்றுக்கொண்டவரிடம் மறுபடி போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் உன் வாயை நான் நம்பவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி.

என் கல்யாணத்துக்குக் கூடாரத்தை அம்மாவின் தம்பி ரோனால்ட் மாமா ஏற்றுக்கொண்டார். மாமாவின் குணம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அப்பாவிடம் நச்சரித்தேன்.

"உங்க மாமன் வாய் குடுத்துட்டான். மறுபடி போய்க் கேட்டா அவன் மூஞ்சியை எங்க வெச்சிக்குவான்?" என்றார் அப்பா.

கல்யாணத்தன்று கூடாரம் வரவில்லை. மழை வந்தது. ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த டெனிஸும் அவன் கூட்டாளிகளும் கோயில் பெஞ்சுகளைத் தூக்கி வந்து தாழ்வாரத்தில் போட்டார்கள். பாதி ஜனம் நனைந்துகொண்டே சாப்பிட்டது. அதற்குப் பிறகு ஊர் என்ன பேசியது? ரோனால்ட் கூடாரம் கொண்டு வரவில்லை என்றா பேசியது? லோரிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நனைந்தோம் என்றுதான் அப்பா சாகும்வரை பேசியது. கூடாரத்துக்கு யார் பொறுப்பு என்று எந்த விருந்தாளியும் கேட்பதில்லை. கல்யாணம் யார் வீட்டுடையது என்று மட்டும்தான் பார்ப்பான்.

இதைக் கண்ணால் பார்த்தவன் டெனிஸ். அப்படியிருந்தும் அதே தப்பைச் செய்தான். அதுதான் எனக்கு அடங்காத கோபம்.

அவன் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு ஒரு மென்பொருள் செய்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடங்கள் அவை. எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நாற்காலி என்று ஒதுக்கிக் கொடுப்பது டெனிஸ் குழுவின் பகுதி. ஓர் இயந்திரம் பழுதானால் அது ஆளை வேறு நாளுக்கு மாற்றிவிடும். மாற்றியதை அந்த ஆளின் கைபேசிக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். அனுப்புகிற பகுதி கோலாலம்பூரில் இருக்கிற சிவநேசன் குழுவின் வேலை. மாற்றுவது ஒருவன், சொல்வது இன்னொருவன். சொல்கிறவன் சொல்லாவிட்டால் மாற்றியவனுக்குத்தான் கெட்ட பேர்.

இவர்கள் வேலையை இரண்டிரண்டு வாரமாக வெட்டிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் தொடக்கத்திலும் இதை முடித்துத் தருகிறோம் என்று ஒவ்வொரு குழுவும் வாக்குக் கொடுக்கும். ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவிடமிருந்து வரவேண்டியது இருந்தால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திரையில் ஒரு அட்டை இருக்கும். வந்துவிடும் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், வராது என்றால் சிவப்பு. நிறம் போடுவது கொடுக்கிறவன் அல்ல, வாங்கிக்கொள்கிறவன். சிவநேசன் தரவேண்டியதற்கு நிறம் போட வேண்டியவன் என் தம்பி.

சிவநேசனும் நம் பக்கத்துப் பையன்தான், பெண்டாங் ஊர்க்காரன். டெனிஸை விடச் சின்னவன். முதல் நாளிலிருந்தே அண்ணே, அண்ணே என்றுதான் பேச்சு. சாப்பிட்டாச்சா அண்ணே, அக்கா என்ன சமைச்சாங்க அண்ணே என்று கேட்பான். நான் வைத்த மீன் குழம்பைப் பற்றிக்கூட விசாரித்திருக்கிறான். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்: "செஞ்சிடுறேண்ணே. கவலைப்படாதீங்க லா."

டெனிஸ் பச்சை போட்டான். ஸ்பிரிண்ட் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. சின்னச் சிக்கல், அடுத்த தடவை முதல் வேலையே உங்களுடையதுதான் என்றான் சிவநேசன். மறுபடியும் பச்சை. மறுபடியும் வரவில்லை. டெனிஸ் குழுவில் ரூபினி என்று ஒரு பெண் இருக்கிறாள். ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவள், கெட்டிக்காரி. மூன்றாவது ஸ்பிரிண்ட் தொடங்கியபோது அவள் திரையிலிருந்து சொன்னது சமையலறைவரை கேட்டது.

"நான் இன்னும் அவங்ககிட்டேருந்து ஒன்னையும் ஓட்டிப் பாக்கலே பாஸ். மஞ்சளாச்சும் போடுங்க."

"நம்ம பையன்மா. செஞ்சிடுவான்," என்றான் இவன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூட்டம் முடிந்திருந்தது.

"அந்தச் செஞ்சிடுறேன் எந்த பஸ்ல வருதாம்?" என்றேன்.

"உனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கு என்னடா தெரியாது? செஞ்சத காட்டுன்னு ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் இல்லையா?"

"அண்ணேன்னு கூப்பிடுறான். காட்டுன்னு சொன்னா அவனை நம்பலேன்னு ஆயிடும்."

அப்பாவே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ரோனால்ட் மாமாவையும் இப்படித்தான் நம்பினோம் என்றேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டை பச்சையாகவே நின்றது.

இந்தக் குழுக்களுக்கெல்லாம் மேலாளர் பரஞ்சோதி. அவரும் கோலாலம்பூரில்தான். அவர் அட்டைகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை. எதையும் திறந்து பார்க்கவில்லை; பாலிங்கில் இருக்கிற மையத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். அந்த நாளில் மென்பொருளும் ஓட ஆரம்பித்தது. செய்தி அனுப்பும் பகுதி அதில் இல்லை என்று டெனிஸ் கடைசி நேரத்தில் அவரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தான். சிவநேசன் இந்த வாரத்துக்குள் முடித்துவிடுவான், வாடிக்கையாளரிடம் சொன்ன நாளை மாற்ற முடியாது என்றார் பரஞ்சோதி. அவரிடமும் சிவநேசன் அதையே சொல்லியிருந்தான்.

அந்த வாரமே பாலிங்கில் ஓர் இயந்திரம் பழுதானது. அம்மாசி என்கிற பெரியவரின் முறையை மென்பொருள் முந்தைய நாளுக்கு மாற்றியது. மாற்றியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லையோரத் தோட்டத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் காடியில், வழக்கமான நாளில் வந்து இறங்கினார். உங்கள் முறை நேற்றே போய்விட்டது என்று திரை காட்டியது. நாற்காலி இல்லை. காலெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நோயாளி எழுந்த பிறகு காஞ்சனா என்கிற தாதி தன் வேலை நேரம் முடிந்தும் நின்று அவருக்குச் செய்து அனுப்பினாள்.

மையம் புகார் செய்தது. பரஞ்சோதி டெனிஸைக் கூப்பிட்டார். சுங்கை பட்டாணிக் குழு வாக்குக் கொடுத்த நாளைக் காப்பாற்றுவதில்லை, வருகிற திங்கட்கிழமை மறுபரிசீலனைக் கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டப்படும் என்றார். முடிவு என்ன என்பதையும் சொல்லிவிட்டார். குழுவைக் கலைத்து ஆட்களைக் கோலாலம்பூர்க் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ரூபினியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பது டெனிஸுக்குத் தெரியும்.

அந்தப் பரஞ்சோதியின் எண்ணைக் கொடு, நான் பேசுகிறேன் என்றேன். டெனிஸ் என் கைபேசியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சனிக்கிழமை பாலிங் போகிறேன், வருகிறாயா என்று மட்டும் கேட்டான்.

போனோம். காஞ்சனா நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டே பேசினாள். கோபமான பெண். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அம்மாசி அன்று முறையில் இருந்தார், கையில் குழாய்கள். இவர்தான் அந்தக் கணினியைச் செய்த ஆள் என்று காஞ்சனா காட்டிக் கொடுத்தாள். டெனிஸ் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"செய்தி அனுப்புற மிஷின் இன்னும் வரலேன்னு சொல்றே."

"ஆமாங்கய்யா."

"என் கைபேசி பழசுதான் தம்பி. ஆனா மணி அடிக்கும்."

பெரியவர் மற்றக் கையால் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"ஒரு மனுசன் கூப்பிட்டு, அம்மாசி, நாளைக்கு வாய்யான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல. அதுக்குமா கோலாலம்பூர்லேருந்து ஆள் வரணும்?"

காஞ்சனா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி வாங்கக் கூடாத ஏச்சு அது. அவன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில் கோலக்கெட்டிலில் தேநீருக்கு நிறுத்தினான். நான் சிவநேசனைத் திட்டிக்கொண்டே வந்திருந்தேன்.

"அக்கா, அந்தப் பச்சையைப் போட்டது நான்," என்றான்.

"போட வெச்சவன் அவன்."

"போட்டது என் கை. ஒன்னும் பாக்காம, அவன் வாயைப் பாத்துப் போட்டேன். பரஞ்சோதி அதைப் பாத்து நாள் குறிச்சாரு. அந்த நாள் அம்மாசி தலையில விழுந்துச்சு."

பிறகு ரூபினியைக் கூப்பிட்டான். அவர்கள் பேசியதில் எனக்குப் புரிந்தது இதுதான். யாருடைய நாளாவது மாறினால் அந்த ஆளின் பெயரும் எண்ணும் காஞ்சனாவின் திரையில் சிவப்பாக வந்து நிற்க வேண்டும். அவள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி முடிக்கும்வரை மென்பொருள் அந்த முறையை மாற்றவே கூடாது. சிவநேசன் பகுதி வரும் நாளில் வரட்டும்; வராவிட்டாலும் எந்த நோயாளியும் வீணாக வந்து நிற்க மாட்டார். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாமே என்று கேட்டேன். வந்துவிடும் என்று நம்பியவன் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க மாட்டான் என்றான். அது உண்மை. மாமாவை நம்பியதால்தான் அப்பாவும் வேறு கூடாரத்துக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் என் முன்கூடத்தில் நடந்தது. அதாவது டெனிஸ் அங்கே, மற்றவர்கள் திரையில். கூட்டத்தில் ஆங்கிலமும் மலாயும்தான். நான் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு இருந்தேன், நறுக்கவும் இல்லை. சிவநேசன் முதலில் பேசினான். சுங்கை பட்டாணிக் குழு தங்களுக்குச் செய்தி என்ன வடிவத்தில் வேண்டும் என்று கடைசிவரை உறுதி செய்யவில்லை, அதனால்தான் தாமதம் என்றான். மீன் குழம்பை விசாரித்த அதே குரல். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் நல்லதில்லை.

பரஞ்சோதி டெனிஸிடம் கேட்டார்: அட்டை ஏன் பச்சையாக இருந்தது?

டெனிஸ் சொன்னான், அது என் தப்பு. மூன்று ஸ்பிரிண்டாக நான் எதையும் பார்க்காமல் பச்சை போட்டேன். அவர் தருவதாகச் சொன்னார், அது வரவில்லை. வடிவத்தை எப்போது உறுதி செய்தோம் என்பது அதே அட்டையின் அடியில் தேதியோடு எழுதியிருக்கிறது, எல்லாரும் திறந்து பார்க்கலாம். இன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் என் குழுவின் கணினியில் அது ஓடுவதை நாங்கள் பார்க்கிறவரை சிவப்பு. எங்கள் பகுதி அவர்களுக்காக இனி காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமையே அதற்கு வழி செய்துவிட்டோம்; பாலிங்கில் இன்று காலையிலிருந்து தாதி கூப்பிட்டுச் சொல்கிறாள். சிவநேசன் குழுவுக்கு ஆள் போதாவிட்டால் ரூபினியை இந்த ஸ்பிரிண்ட் முழுக்க அவர்களோடு உட்கார வைக்கிறேன். தண்டிக்க வேண்டுமென்றால் பச்சை போட்ட என்னைத் தண்டியுங்கள், குழுவைக் கலைக்காதீர்கள்.

அதைச் சொல்லிக்கொண்டே அட்டையைச் சிவப்பாக்கினான். அட்டையின் அடியை யாரோ திறந்து, உறுதி செய்த தேதியை உரக்கப் படித்தார்கள். பாலிங் மையத்திடம் பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்று பரஞ்சோதி கூட்டத்தை முடித்தார்.

உடனே கைபேசி அடித்தது. சிவநேசன்.

"என்னண்ணே, எல்லார் முன்னுக்கும் இப்படிப் பண்ணிட்டீங்க. நான் உங்களை அண்ணனா நினைச்சேன்."

"நானும் தம்பின்னுதான் நினைச்சேன். அதான் இத்தனை நாள் கேக்கலே."

"எனக்கு ஆள் இல்லைண்ணே. எல்லாரையும் வேற வேலைக்கு எடுத்துட்டாங்க."

"அதை ஏன் முதல்லயே சொல்லலே?"

"முடியாதுன்னு சொன்னா பரஞ்சோதி சார் என்ன நினைப்பாரு?"

டெனிஸ் கண்ணை மூடித் திறந்தான். "குடுத்துட்டுக் கூப்பிடு சிவா. அதுவரைக்கும் சிவப்புதான்," என்று வைத்துவிட்டான்.

ரூபினி அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் முழு உண்மையும் தெரிந்தது. சிவநேசன் குழுவில் இந்த வேலைக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆள். மற்றவர்களைப் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் வேலைக்குத் தூக்கிக் கொடுத்தவர் பரஞ்சோதியேதான். ஆளையும் எடுத்துக்கொண்டு, நாளையும் குறித்துக் கொடுத்துவிட்டு, நாள் தவறியதற்கு என் தம்பியைக் கேட்டிருக்கிறார். சிவநேசன் பாவம் என்றான் டெனிஸ். எனக்குப் பாவமாக இல்லை. முடியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவன் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்துக்காக ஒரு பெரியவர் காலெல்லாம் வீங்கிக் காத்திருந்தார்.

குழு கலையவில்லை. பரஞ்சோதி பாலிங்குக்குப் பேசியபோது காஞ்சனா, இந்த ஆட்களை மாற்றினால் எங்களுக்கு இந்தக் கணினியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ரூபினிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவளும் அந்த ஒரே ஆளும் சேர்ந்து செய்தி அனுப்பும் பகுதியை முடித்தார்கள். அது டெனிஸின் கணினியில் ஓடிய அன்றுதான் அட்டை பச்சையானது. இப்போது அம்மாசிக்குச் செய்தியும் போகிறது, காஞ்சனாவும் கூப்பிடுகிறாள்.

ஆனால் ஆண்டு முடிவில் ஒவ்வொருவரையும் மதிப்பிட்டபோது நாள் தவறியது டெனிஸின் பெயரில்தான் நின்றது. வட பகுதிக் குழுக்களுக்கெல்லாம் ஒரு தலைவரைப் போட்டார்கள். அது டெனிஸுக்கு வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். சிவநேசனுக்குக் கொடுத்தார்கள். டெனிஸ் மற்றக் குழுக்களோடு அனுசரித்துப் போகிறவர் இல்லை என்று காரணம் சொன்னார்களாம்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ரோனால்ட் மாமா இதைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம், எல்லாம் நம் பிள்ளைகள்தானே என்றார். நீங்கள் பேசாதீர்கள் மாமா, உங்கள் கூடாரம் இன்னும் வந்து சேரவில்லை என்றேன். கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

போன வாரம் டெனிஸ் வீட்டிலிருந்து வேலை செய்த நாளில் சிவநேசன் கூப்பிட்டான். தலைவரான பிறகு நான் அவன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டாயா என்றெல்லாம் இல்லை.

"டெனிஸ், பெண்டாங் மையத்து வேலை எப்ப முடியும்?"

"இப்ப மஞ்சள். ரூபினி ஓட்டிப் பாத்ததும் பச்சை போடுறேன்."

"முடிச்சிடுறோம்னு சொல்லுங்க. நான் மேல சொல்லணும்."

"மஞ்சள்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் வைத்துவிட்டான். அண்ணே போய் டெனிஸ் ஆகிவிட்டது பார்த்தாயா என்றேன். டெனிஸ் தோளைக் குலுக்கிவிட்டுத் திரைக்குத் திரும்பினான். பரவாயில்லை. அது அப்பா வைத்த பேர். அந்தப் பேரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.